கம்பியைக் கடித்துக் கேட்டவர்

கோவில்பட்டிக்கு வந்து கடலைமிட்டாயை வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதரை என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அதே மனிதர் அதே வாயால் ஆறடி இரும்புக் கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளா, பூமிக்கு அடியில் ஒளிந்து ஓடுகிற தண்ணீருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைக் கண்டுதான் பயம். அவர்தான் கம்பிகடி அண்ணாச்சி.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஒருதடவை கேட்டேன். “பேரு என்னத்துக்கு? பைப்பு எங்கன போகுது, அதைச் சொல்லுங்க” என்றார்.

அவர் எங்கள் தெருவுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் வீட்டுச் சுவர் பிளந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடும் காதர் பாய் வீடும் ஒட்டி நிற்கிற வீடுகள். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் பாய் வீட்டுக் கடிகாரம் விழும். பாய் பஜாரில் கயிறு, வாளி, குடம் விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் லோடு ஆட்டோவில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிறவன். இருபது வருஷப் பழக்கம். அவர் என்னை மாரி என்பார், நான் அவரைப் பாய் என்பேன். அவருக்கு ஒரே மகள், ஷமீமா. போன வருஷம் அவள் கல்யாணத்துக்குப் பந்தலை எங்கள் வாசல் வரைக்கும் இழுத்துப் போட்டோம். மூலைப் பந்தக்காலை நானே கடப்பாரை பிடித்து நட்டேன்.

இந்தச் சித்திரையில் அந்தப் பொதுச்சுவரில் ஒரு கோடு விழுந்தது. தலைமுடி மாதிரி மெல்லிசு. நான் கவனிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகள் தங்கம்தான் பார்த்தாள். “அப்பா, சுவத்துல யாரோ பென்சிலை வச்சுக் கிறுக்கியிருக்காங்க” என்றாள். மறுவாரம் அந்தப் பென்சில் கோட்டுக்குள் ஒரு ரூபாய்க் காசு போனது. அதற்கு மறுவாரம் அவளுடைய ஸ்கேல் போனது. போன ஸ்கேல் திரும்பி வரவில்லை. பாயின் வீட்டம்மா ஜெமிலாக்கா அந்தப் பக்கமிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு, பிள்ளைகளா. தண்ணீர் குடித்தால் தோசை மாவு மாதிரிப் பொங்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே ஒரு வீடு நிற்கிறதே, வீட்டுக்குள் நாலு பேர் இருக்கிறார்களே என்றெல்லாம் யோசிக்காது.

“அடியில எங்கனயோ பைப்பு கசியுது அண்ணாச்சி. மண்ணு ஊதிப்போய்ச் சுவத்தைத் தூக்குது. இன்னும் ரெண்டு தடவை தண்ணி வந்துச்சுன்னா இது பாய் வீட்டுப் பக்கம் சாஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த தன் சைக்கிளை எடுத்து எதிர்வீட்டுச் சுவரில் சாய்த்தார். அப்போதுதான் நானும் சுவரை விட்டுத் தள்ளி நின்றேன்.

பாய் வீட்டுப் பக்கம் என்றால் அது ஷமீமாவின் அறை. தலைப்பிரசவத்துக்கு அவள் வெள்ளிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து வருகிறாள். அந்த அறைக்கு வெள்ளையடித்து, உத்திரத்தில் தொட்டில் கொக்கிகூட மாட்டிவிட்டார் பாய். அதை விட்டால் அவர் வீட்டில் கட்டில் போட வேறு இடம் கிடையாது.

எங்கள் தெருவுக்கு நல்லதண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். மத்தியானம் ரெண்டு மணிக்குத் திறந்தால் மூன்றரைக்கு நின்றுவிடும். அடுத்த தண்ணீர் புதன்கிழமை. அதற்கு அடுத்த தண்ணீர் வரும்போது ஷமீமா அந்தச் சுவருக்குக் கீழே படுத்திருப்பாள்.

குழாயை மூடிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். தங்கமும் கேட்டாள். எங்கள் இரண்டு வீட்டு வால்வும் தொட்டிக்குப் பக்கத்தில், கடைசியில் இருக்கிறது. கசிவோ அதற்கு முன்னால், தெருவுக்கும் தொட்டிக்கும் நடுவில், தரைக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. தெருவிலேயே அடைக்க வேண்டுமானால் ரோட்டை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். எழுதிக் கொடுத்தோம். அதற்குச் சில நாள் ஆகும். எங்களிடம் அந்தச் சில நாள் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். இரண்டு வீட்டுப் பைப்பும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. எது கசிகிறது?

“உன் பைப்புதாம்ல மாரி. உன் வாசல்ல செடி இந்த வெயில்லயும் பச்சையா நிக்கு பாரு” என்றார் பாய்.

“உங்க பைப்புதான் பாய். உங்க வாசப்படி ஒரு பக்கம் தூக்கிருக்கு பாருங்க” என்றேன் நான்.

“எம் பைப்பு புதுசு.”

“எம் பைப்பு நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. உங்க மக கல்யாணத்துக்கு இந்தக் கையால பந்தக்கால் நட்டவன் நான். என்னப் பார்த்தா இப்படிச் சொல்லுதீங்க?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்படிப் பயமா இருந்தா உங்க மகளை அங்கனயே இருக்கச் சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிட்டது.

பாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தங்கம் ஸ்கேலைப் பிளவுக்குள் விட்டால்கூட அந்தப் பக்கமிருந்து வருவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தேன். அவர் வாசலில் மூன்று குழி தோண்டினார். மூன்றும் காய்ந்த குழி. நாலாவதாகத் தோண்டும்போது கேபிள் டிவி வயர் அறுந்து தெருவே சண்டைக்கு வந்தது. இரண்டாவது ஆள் காதில் மாட்டுகிற மிஷின் கொண்டுவந்தார். மிஷினை மாட்டிக்கொண்டு வாசல் முழுக்க நடந்தார். “எல்லா இடத்துலயும் சத்தம் கேக்குது” என்றார். அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்துத் தெருவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடம்பூருக்கு லோடு இறக்கப் போனேன். போளிக் கடையில் நின்றபோது என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் விசாரித்தார். சொன்னேன். “எப்போதும்வென்றானுக்குப் போங்க. அங்கன கம்பிகடின்னு கேட்டாச் சின்னப்பிள்ளை காட்டும்” என்றார். வண்டியை அப்படியே திருப்பினேன்.

சின்னப்பிள்ளை காட்டியது. ஓட்டு வீட்டுக்கு முன்னால் ஒல்லியாக, ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒரு மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நேரம் பகல் பன்னிரண்டு.

“அண்ணாச்சி!” என்றேன். திரும்பவில்லை. “அண்ணாச்சி!” என்று கத்தினேன். ஊரில் இருந்த நாய் எல்லாம் திரும்பியது, அவர் திரும்பவில்லை.

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்தார்கள். “அவியளுக்குக் காது கேக்காது. முன்னால போய் நின்னு பேசுங்க” என்றார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தரைக்கு அடியில் தண்ணீர் கசிகிற சத்தத்தைக் கேட்டுச் சொல்லப் போகிற மனிதருக்குக் காது கேட்காது. முன்னால் போய் நின்றேன். என் உதட்டைப் பார்த்தே முழுக் கதையையும் புரிந்துகொண்டார். பிறகு என் முகத்தையும் புரிந்துகொண்டார்.

“காது கேக்காத பய என்னத்தைக் கிழிக்கப் போறான்னு நெனைக்குதீங்க. கிணத்துக்கு வெடி வைக்குற வேலை பார்த்தேன். பதினெட்டு வருசம். ஒருநாள் திரி சீக்கிரம் எரிஞ்சு போச்சு. காது ரெண்டும் அதோட போச்சு. ஆசுபத்திரியில இருந்து வந்து சும்மா உக்காந்திருக்கும்போது கடப்பாரையைத் தாடையில முட்டுக் கொடுத்தாப்புல இருந்தேன். அடியில தண்ணி ஓடுத சத்தம் பல்லு வழியா வந்துச்சு” என்றார். முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினார். “இது ஏமாத்தாது. புதன்கிழமை வாரேன்.”

“கட்டாயம் கண்டுபிடிச்சிருவீங்களா அண்ணாச்சி?”

“எங்க ஊரு பேரு என்ன?”

“எப்போதும்வென்றான்.”

“தோத்துட்டு வந்தா எந்த மூஞ்சியோட பஸ்ஸை விட்டு இறங்க?” என்றார்.

புதன்கிழமை பஸ்ஸில் வந்தார். கையில் பை இல்லை, பெட்டி இல்லை. துண்டு சுற்றிய ஆறடிக் கம்பி ஒன்று மட்டும். கம்பிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்று கோபம். “அது என் காது. காதுக்கு யாராவது தனியா டிக்கெட் எடுப்பாங்களா?” என்று என்னிடம் சண்டை பிடித்தார்.

வந்தவுடன் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கேட்டார். பத்து நிமிஷம் வாய் கொப்பளித்தார். என் வீட்டம்மா தட்டில் கடலைமிட்டாய் வைத்து நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“தாயி, பல்லு எனக்கு மிஷினு. மிஷினுல பாகு ஊத்துவியளா?”

பிறகு என்னைப் பார்த்து, “லீக்கு எங்கன இருக்கும்னு நெனைக்குதீங்க?” என்றார். நான் பாய் வீட்டு வாசப்படியைக் காட்டினேன். அவர் அங்கே போய்த் தன் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த பாயிடமும் அதையே கேட்டார். பாய் என் முகத்தைப் பார்க்காமல் எங்கள் செடியைக் காட்டினார். அங்கே போய்ச் செருப்பைக் கழற்றி வைத்தார்.

“வீட்டுக்காரங்க கை காட்டுத இடத்துல லீக்கு இருந்து நான் பார்த்ததே இல்ல. சாமான் வைக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது” என்றார்.

அப்புறம்தான் குண்டைப் போட்டார். தண்ணீர் வந்த பிறகு அரை மணி நேரம் தெருவில் ஒருத்தரும் குழாயைத் திறக்கக் கூடாது. மோட்டார் போடக் கூடாது. பேசக் கூடாது. முக்கியமாக நடக்கக் கூடாது.

தெரு கொதித்துவிட்டது. “எட்டு நாளைக்கு ஒருக்க வருது. அதுலயும் அரை மணி நேரத்தை இவருக்குக் கொடுக்கவா?” என்று தெருக்கோடி வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு வந்து நின்றது. மற்றவர்களும் குடத்தோடு வந்தார்கள். கம்பிகடி அண்ணாச்சி நிம்மதியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசதிதான். திட்டுகிறவர்களைப் பார்க்காவிட்டால் அவருக்கு ஒன்றும் கேட்காது.

ஜெமிலாக்காதான் வாசலுக்கு வந்தார்கள். “எம் மக வெள்ளிக்கிழமை வாரா. அந்தச் சுவத்துக்குக் கீழதான் படுக்கணும்” என்றார்கள்.

கோடி வீட்டு அக்கா குடத்தை இறக்கித் தரையில் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. “அரை மணி நேரம்தான். அதுக்கு மேல ஒரு நிமிசம் ஆச்சு, உங்க கம்பியை வாங்கி நானே கடிச்சிருவேன்” என்றது. தெரு முழுக்கக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தது.

ரெண்டு மணி. தெருக்குழாயில் காற்று சீறியது. தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணாச்சி கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றினார். மறுமுனையைத் துண்டால் துடைத்து முன்பல்லில் கடித்தார். கண்ணை மூடினார். ஒரு நிமிஷம். வாயிலிருந்து கம்பியை எடுத்தார்.

“மூணாவது வீட்ல ஃப்ரிட்ஜ் ஓடுது. நிப்பாட்டுங்க.” நிறுத்தினார்கள்.

“பின்னால யாரோ பூண்டு தட்டுதாவ.” அதுவும் நின்றது.

“இந்த வீட்டு மாடியில ஒரு ஆள் குறுக்கயும் நெடுக்கயும் நடக்காரு.” அது, சுவருக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்க மாட்டேன் என்று மொட்டைமாடிக்குப் போன என் மைத்துனன். தன் வாழ்க்கையில் அவன் வேலை செய்து பிடிபட்டது அது ஒரே தடவைதான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

ரெண்டு பத்து. கம்பியை நாலடி தள்ளி ஊன்றினார். கடித்தார். தலையை ஆட்டினார். இன்னும் நாலடி. ஆட்டினார். சட்டென்று கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார். கண்டுபிடித்துவிட்டாரா?

இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் காதுக்கு அது எட்டியது. மணியாச்சிப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. நீளமான வண்டி. போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அவர் கம்பியை வாயிலிருந்து எடுக்காமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி போனதும், “ஐம்பத்தெட்டு. ஒரு சக்கரம் தட்டையாயிருக்கு” என்றார். எட்டு நிமிஷம் போச்சு.

ரெண்டு இருபது. வீட்டுக்குள்ளே “டப்” என்று ஒரு சத்தம். சுவர்ப் பூச்சில் ஒரு பாளம் விழுந்திருந்தது. பிளவுக்கு மேல் நான் ஒட்டி வைத்திருந்த காலண்டர் தாள் நடுவே கிழிந்து இரண்டாகத் தொங்கியது. தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேசக் கூடாதே. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டி நின்றது.

அண்ணாச்சி மறுபடியும் கம்பியை எடுத்தார். பாய் வீட்டைக் காட்டினார். “உள்ள கனமான ஆள் ஒருத்தர் நடக்காரு. நாலு எட்டு போறாரு, நாலு எட்டு வாராரு. அவியளை வெளியே வந்து உக்காரச் சொல்லுங்க.”

பாய் வெளியே வந்தார். அவர் வாசப்படியில் டீ கிளாஸ் இருந்தது, பக்கத்தில் ஜெமிலாக்காவும் தெருப் பெண்களும் இருந்தார்கள். உட்கார வேறு இடமில்லை. எங்கள் வாசப்படியில், எனக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். பேசாமல் இருக்கிற இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேசாதே என்றும் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் தெருவைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அவருடைய கையில் தொட்டிலுக்கு என்று கடையிலிருந்து கொண்டுவந்த புதுக் கயிறு இருந்தது. அதை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். நான் சொன்ன அந்த ஒரு கூடுதல் வார்த்தையை எப்படியாவது திருப்பி விழுங்கிவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ரெண்டு இருபத்தாறு. கோடி வீட்டு அக்கா வலது கையால் இடது கை வாட்சைத் தட்டிக் காட்டியது. இன்னும் நாலு நிமிஷம்.

அண்ணாச்சி வாசல் முழுவதும் பார்த்து முடித்துவிட்டார். முகத்தில் முதல்முறையாக வேர்வை. ஒரே ஒரு இடம்தான் மிச்சம். எங்கள் வாசல் மூலையில், தட்டு அளவுக்கு நான் சிமெண்ட் பூசி வைத்திருந்த இடம். நான் எழுந்து, இரண்டு கையையும் ஆட்டி, அங்கே இல்லை, அது நான் பூசிய இடம் என்று சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்காரன் இல்லை என்கிறான். முகம் பிரகாசமாகிவிட்டது. நேராக அங்கே போனார்.

கம்பியை ஊன்றினார். கடித்தார். கண்ணை மூடினார். அசையவில்லை. தெருவில் ஒரு ஈ பறந்தால் கேட்கும். இருபத்தேழு. இருபத்தெட்டு. இடது கையை மெல்ல விரித்துத் தரைக்கு மேல் பிடித்தார், தூங்குகிற பிள்ளை மேல் கை வைப்பதுபோல.

“இங்கன இருக்கு” என்றார். “ஆனா இது தண்ணி பீச்சுத சத்தம் இல்ல. முனங்குத சத்தம். குழாய்க்குள்ள ஏதோ மரம் நிக்கு. அதைச் சுத்தித் தண்ணி வருது.”

மரம் என்று அவர் சொன்னதும் என் காதுக்குள் குப்பென்று அடைத்தது.

ஷமீமா கல்யாணத்துக்கு முந்தின நாள். மூலைக்கால் நட ஆள் போதவில்லை. நான் பெருமையாகக் கடப்பாரையைப் பிடுங்கி, “தள்ளுங்கல, நான் நடுதேன்” என்றேன். ஓங்கிப் போட்டேன். ஒரு இடத்தில் கடப்பாரை ‘டக்’ என்று சுலபமாக இறங்கியது. நல்ல மண் என்று நினைத்தேன். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள் இல்லை. சவுக்குக் கம்பைச் செருகினேன். ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது அந்தக் கால் மட்டும் வரவில்லை. அசைத்து அசைத்துப் பார்த்தோம். தரையோடு ஒடிந்தது. அடிக்கட்டையை அப்படியே விட்டு மேலே சிமெண்டைப் பூசிவிட்டேன். என் பைப்பில் நானே ஓட்டை போட்டு, நானே தக்கை வைத்து, நானே பூசியும் வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் அந்தக் கட்டை தண்ணீரில் ஊறித் தக்கையாக நின்றிருக்கிறது. இந்த வருஷம் உளுத்துப்போய்விட்டது.

தெரு குடத்தோடு குழாய்க்கு ஓடிவிட, சிமெண்டை உடைத்து அண்ணாச்சியும் நானும் தோண்டினோம். மூன்றடியில் கறுப்பு மண் களியாக வந்தது. அதற்குள் சவுக்குக் கட்டை, பைப்பைக் குத்திக்கொண்டு நின்றது. அண்ணாச்சி இப்போதைக்கு என் வண்டியில் கிடந்த டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மூன்றரைக்குத் தண்ணீர் நின்றதும் ஓட்டை விழுந்த பைப்புத் துண்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டினார். ஒட்டி முடித்து எழுந்து தெருவைப் பார்த்துக் கத்தினார்: “இப்ப எல்லாரும் சத்தம் போடலாம்!”

தண்ணீர் முடிந்துபோன பிறகு சத்தம் போட்டு என்ன பிரயோசனம் என்று நினைக்காதீர்கள். ரெண்டரை மணிக்கே எல்லோரும் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் அவர் சொன்னதும் ஒரே நேரத்தில் மிக்சி, டிவி, மோட்டார், கோடி வீட்டு அக்கா எல்லாம் ஓட ஆரம்பித்தன.

அறுத்தெடுத்த பைப்புத் துண்டு அண்ணாச்சியின் கையில் இருந்தது. ஓட்டைக்குள் பந்தக்கால் கட்டை இன்னும் மாட்டியிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பினேன். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற மனிதருக்கு, முகத்தைத் திருப்பினால் புரியாதா?

பாய் பக்கத்தில் வந்து, “யாரு பைப்பு அண்ணாச்சி?” என்றார்.

அவர் பாயின் உதட்டைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். “எனக்குக் காது கேக்காது” என்றார். பைப்புத் துண்டை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். கம்பியைத் துடைத்து மறுபடியும் துணி சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் துண்டு நனைந்து கனமாக இருந்தது. பாக்கெட்டில் போட முடியாது. ஒளித்து வைக்கலாம். சாயங்காலம் கண்மாயில் எறிந்துவிடலாம். மண்ணுக்குள் கிடந்த ஏதோ பழைய வேர் குத்திவிட்டது என்று சொல்லலாம். யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை. வாசலில் தங்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஸ்கேலில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பிளவு எவ்வளவு என்று அளந்துகொண்டே இருந்திருக்கிறாள், பாவம்.

“பாய்” என்றேன். ஆறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. “எம் பைப்புதான். ஓட்டை போட்டதும் நான்தான். ஷமீமா கல்யாணத்துக்கு நட்ட கால் இது. உங்களை வேற பேசக் கூடாததைப் பேசிட்டேன்.” துண்டை நீட்டினேன்.

பாய் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சவுக்குக் கட்டையை ஆட்டினார். வரவில்லை. பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை.

“நீதான நட்டே?”

“ஆமா பாய்.”

“உறுதியாத்தாம்ல நட்டிருக்கே” என்றார். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்புத்தானா என்று எனக்குச் சந்தேகம். கண்ணைத் தலைத்துண்டால் துடைத்துக்கொண்டார்.

மண் காயத் தொடங்கியதும் சுவர் மேற்கொண்டு விலகவில்லை. வியாழக்கிழமை கொத்தனார் வந்து முட்டுக் கொடுத்து, பிளவைக் கம்பி வைத்துத் தைத்து அடைத்தார். போகும்போது சைக்கிளை எங்கள் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை ஷமீமா வந்தாள்.

பிள்ளை பிறந்து இருபது நாள் இருக்கும். ஒருநாள் மத்தியானம் கம்பிகடி அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். கையில் கம்பி. நான் பதறி, “எங்கயாவது கசியுதா அண்ணாச்சி?” என்றேன். “இல்ல. இந்தப் பக்கம் வந்தேன். சுவர் எப்படி இருக்குன்னு பார்ப்போம்னு” என்றார். எப்போதும்வென்றானிலிருந்து இந்தப் பக்கம் வர என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பாய் அவரை உள்ளே அழைத்துப்போனார். அண்ணாச்சி சுவரைத் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் பிள்ளை வீல் என்று அழ ஆரம்பித்தது. முகம் சிவக்க, கை கால் உதைத்து, தெருவுக்கே கேட்கிற அழுகை. அண்ணாச்சி அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு ஷமீமாவைப் பார்த்தார். அவள் சரி என்று தலையசைத்தாள்.

கம்பியில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு முனையைத் தொட்டில் கம்பில் மெல்லத் தொட வைத்தார். மறுமுனையைத் துடைத்துக் கடித்தார். கண்ணை மூடினார். பிள்ளை அழுது முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். நாங்கள் ஒருத்தரும் பேசவில்லை, நடக்கவில்லை. யாரும் சொல்லாமலே.

கம்பியை வாயிலிருந்து எடுத்தபோது கண் ஓரம் ஈரமாக இருந்தது.

“நல்ல பிரஷரு” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பைப்பும் கசியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.